பிடியும் சேர்ந்து வளையட்டும்!

“என் பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். வில் வேண்டும் என்று கேட்டான். வேலியோரம் நின்ற மூங்கிலை வெட்டி மூன்று வில் செய்து கொடுத்தேன். மூன்றுமே ஒடிந்துவிட்டன. மூன்றாவது ஒடிந்தபோது சிம்பு தெறித்து, புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். ‘இனி இந்த வீட்டில் வில் என்ற பேச்சே கூடாது’ என்கிறாள் என் மனைவி. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?”

அந்தியூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் இது. ஒடிந்த வில்லைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிக்கிற விஷயமாக இது படவில்லை. தவிர, இதே தவற்றை நானே செய்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

படத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. வில்லின் நடுவில், பிடித்துக்கொள்ள வாகாக இருக்கட்டும் என்று ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டியான மரத்துண்டை வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். அந்தக் கட்டு முடிகிற இடத்துக்கு ஒட்டினாற்போல வில் ஒடிந்திருக்கிறது. மற்ற இரண்டும் அங்கேதான் ஒடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கூடைக்காரர் சொன்ன கணக்கு

தூர்தர்ஷனில் ராமாயணம், மகாபாரதம் ஓடிய 1980-களின் கடைசியில் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தெருவுக்குத் தெரு வில்தான். பழைய குடைக்கம்பியில் வில், ஈர்க்குச்சியில் அம்பு. கொஞ்சம் வளர்ந்தவர்கள் மூங்கிலுக்குப் போனோம். நான் செய்த முதல் வில்லில், ஆசாரி பட்டறையில் கிடந்த வேலமரத் துண்டைக் கைப்பிடியாக வைத்துக் கட்டினேன். பார்க்க அர்ஜுனன் வில் மாதிரியே இருந்தது. ஏழெட்டு அம்புக்கு மேல் தாங்கவில்லை.

சந்தைக்குக் கூடை, தட்டு, முறம் முடைந்து கொண்டுவருகிற பெரியவர் ஒருவர் எங்கள் களத்தில்தான் தங்குவார். ஒடிந்த வில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பத்துப் பேரு தூக்கற கல்லைப் பத்துப் பேருதான் தூக்கணும் தம்பி. நடுவுல நிக்கற நாலு பேரைச் சும்மா நில்லுன்னு சொல்லிப்போட்டா, பக்கத்துல இருக்கறவன் இடுப்பு ஒடியாம என்ன பண்ணும்?” என்றார்.

இத்தனை வருடத்தில் வில்லைப் பற்றி நான் படித்த எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. நாணை இழுக்கும்போது வில்லின் முனையில் பாரம் மிகக் குறைவு. நடுவுக்கு வர வர ஏறிக்கொண்டே போகும். அதிகமான பாரம் வருவது நட்டநடுவில், நாம் பிடித்திருக்கிற இடத்தில். அந்த இடமும் அளவாக வளைந்து கொடுத்தால், பாரம் உடம்பு முழுவதும் பரவிவிடும். அந்த இடத்தை வளையவிடாமல் கட்டிப்போட்டால், கட்டு முடிகிற விளிம்பில் எல்லாம் வந்து நிற்கும்.

கெட்டிப் பிடி வைத்த வில்லே கூடாது என்பதில்லை. போட்டிகளில் பயன்படுத்தும் வில்லுக்கெல்லாம் அசையாத பிடிதான். ஆனால், அதற்கு வில் இன்னும் நீளமாக இருக்க வேண்டும், பிடி முடிகிற இடத்தில் கனம் படிப்படியாக இறங்க வேண்டும், பசை நிற்க வேண்டும். வீட்டில் அரிவாளும் உளியும் வைத்துக்கொண்டு செய்கிறவருக்கு அது தோதுப்படாது. ஒரே பட்டையில், முனையிலிருந்து முனைவரை வளைகிற வில்தான் நமக்குச் சரி.

மூங்கில் தேர்வு

வேலியோரம் நிற்கும் முள் மூங்கிலே போதும். கல் மூங்கில் கெட்டிதான், ஆனால் தண்டு குறுகல். பட்டை எடுத்தால் முதுகு உருண்டு நிற்கும், அகலம் கிடைக்காது. முள் மூங்கிலில் தூரிலிருந்து இரண்டு, மூன்று அடி விட்டு, அதற்கு மேல் சுவர் கனமாக இருக்கிற பகுதியை எடுங்கள். மூன்று, நான்கு வயதான மரமாக இருக்க வேண்டும். பளபளவென்று பச்சையாக, கணுவில் உறை ஒட்டிக்கொண்டு நிற்பது இளசு. அது வில்லுக்கு ஆகாது. நிறம் மங்கி, தண்டில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பாசி படிந்திருந்தால் முற்றியது.

குருத்து விடுகிற மழைக்காலத்தில் வெட்டாதீர்கள். தை, மாசி நல்ல காலம். வெட்டியதை இரண்டு, மூன்று வாரம் வாய்க்கால் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால், உள்ளே இருக்கும் மாவுச்சத்து கரைந்துவிடும். மாவுச்சத்து இருந்தால்தான் வண்டு துளைக்க வரும். பிறகு நிழலில் இரண்டு மூன்று மாதம் காயட்டும். அவசரப்பட்டுப் பச்சையில் வில் செய்தால் ஒடியாது, ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். நாணைக் கழற்றினாலும் நிமிராது, அம்பும் போகாது.

உங்கள் பட்டாவில் நிற்கும் மூங்கிலை வெட்ட யாரிடம் அனுமதி கேட்பது என்று பலர் பயப்படுகிறார்கள். 2017-ல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, ‘மரம்’ என்ற பட்டியலிலிருந்து மூங்கிலை எடுத்துவிட்டார்கள். வனத்துக்கு வெளியே வளர்த்த மூங்கிலுக்கு இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. காட்டு மூங்கில் வேறு விஷயம், அதில் கை வைக்காதீர்கள்.

வில் செய்யும் முறை

பையன் இரண்டு கைகளையும் விரித்து நிற்கட்டும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, இரண்டரையால் வகுத்தால் அவன் எவ்வளவு தூரம் இழுப்பான் என்பது வரும். ஐந்தடிப் பையனுக்கு ஏறக்குறைய 60 செ.மீ. வில்லின் நீளம் அவன் உயரமே, அதாவது 150 செ.மீ. இதற்குக் குறையக் கூடாது. குட்டை வில் என்றால் ஒவ்வொரு விரல்கடை இடமும் கூடுதலாக வளைய வேண்டியிருக்கும்.

மூங்கிலை ரம்பத்தால் நீளவாக்கில் அறுக்காதீர்கள். கத்தியை வைத்துத் தட்டிப் பிளந்தால்தான் நார் போகிற வழியிலேயே பிளவும் போகும். ஒரே கணு நடுவில் வரும்படியோ, இரண்டு கணுக்களுக்கு மத்தியில் வில்லின் நடு வரும்படியோ பட்டையை வெட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் சமமாக வரும். உள்ளே இருக்கிற கணுத்தட்டை உளியால் தட்டி எடுத்துவிடுங்கள்.

இனி முக்கியமான விதி. வெளித்தோல் பக்கம் இலக்கைப் பார்க்கும், உள்பக்கம் நம்மைப் பார்க்கும். வெளித்தோலில் கத்தியே படக்கூடாது. மூங்கிலின் பலமான நாரெல்லாம் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக ஓடுகிறது. அதைச் சீவினால் பலத்தைச் சீவுகிறோம். வேலையெல்லாம் உள்பக்கத்திலும் ஓரங்களிலும்தான். ஓரங்களின் கூர்மையை உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள். சிம்பு கிளம்புவது பெரும்பாலும் அந்தக் கூர் விளிம்பில்தான்.

நடுவில் 4 செ.மீ. அகலம், முனையில் ஒன்றரை செ.மீ. கரிக்கட்டியால் நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் நேர்கோடு போட்டு, அதன்படி ஓரத்தைச் சீவுங்கள். கனத்தை முதலில் 11, 12 மி.மீ. வைத்துக்கொண்டு முழு நீளத்துக்கும் ஒரே கனமாக வரச் செய்யுங்கள். கனம் ஒன்றாகவும் அகலம் மட்டும் நடுவிலிருந்து சீராகவும் குறைந்தால், வில் தானாகவே வட்டத்தின் ஒரு துண்டு போல வளையும். பாரம் எங்கே அதிகமோ அங்கே அகலமும் அதிகம், அவ்வளவுதான் சூட்சுமம். பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று நடுவில் இடுப்பு மாதிரி ஒடுக்கிவிடாதீர்கள். மரத்துண்டு வைத்துக் கட்டுவது ஒரு தவறு என்றால், இது அதைவிட மோசமான தவறு.

உள்பக்கத்தைத் தணலுக்கு மேலே காட்டி, லேசான தேன் நிறம் வரும்வரை வாட்டினால் வில்லுக்கு விறைப்புக் கூடும். கருகவிடாதீர்கள். தோல் பக்கம் சூடு வேண்டாம்.

நாண் மாட்ட முனையில் வெட்டும் பள்ளத்துக்குக் குதை என்று பெயர். அதை இரண்டு ஓரங்களிலும் வெட்டுங்கள், தோலின் குறுக்கே வேண்டாம். நாணுக்குச் சணப்பு நார் நல்லது. கற்றாழை நாரும் ஆகும். இரண்டும் இல்லையென்றால் சாக்கு தைக்கிற பாலியஸ்டர் நூலைப் பத்துப் பன்னிரண்டு இழை சேர்த்து முறுக்கி, தேன்மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு இழுபடும். மாட்டு வண்டிக் கயிற்றில் நாண் போட்டதாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வில்லுக்கு வீண் பாரம்.

சுண்ணாம்புச் சுவர் சொல்லும்

வில் செய்வதில் பாதி வேலை சீவுவது, மீதிப் பாதி பார்ப்பது. நம் ஆட்கள் அவசரப்படுவது இங்கேதான். சீவி முடித்ததும் நாணை ஏற்றி முழுசாக இழுத்துப் பார்த்துவிடுகிறார்கள்.

வெள்ளையடித்த சுவரில் ஒரு கெட்டியான முளை அடித்து, வில்லின் நடுவை அதன்மேல் வையுங்கள், தோல் பக்கம் மேலே இருக்கட்டும். நாணைத் தளர்வாக மாட்டி, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, கீழே ஒரு கப்பி வழியாகக் கொண்டுவந்து பத்தடி தள்ளி நின்று மெதுவாக இழுங்கள். கிணற்றுக் கப்பியே போதும். ஒடிந்தாலும் முகத்துக்கு வராது, வளைவும் முழுசாகத் தெரியும். சுவரில் கரியால் வளைவை வரைந்துகொண்டால் இன்னும் நல்லது.

எந்த இடம் நேராக, விறைப்பாக நிற்கிறதோ அங்கே மட்டும் உள்பக்கத்தில் நாலு இழுப்புச் சீவுங்கள். அதிகமாக மடிகிற இடத்தைத் தொடவே தொடாதீர்கள், அதன் இரண்டு பக்கத்திலும் சீவிச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறை சீவிய பிறகும் இருபது, முப்பது தடவை கொஞ்சமாக இழுத்துவிட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும். மூங்கில் உடனே சொல்லாது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொல்லும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல வளையும்வரை இழுவையைக் கூட்டாதீர்கள். எனக்கு முதல் நல்ல வில்லுக்கு இந்த ஒரு வேலைக்கே மூன்று நாள் ஆனது. கூடைக்காரர் தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை போட்டுக்கொண்டு போவார். மூன்றாம் நாள் மட்டும் விரலால் நடுவைத் தொட்டுக் காட்டி, “இப்பத்தான் இவனும் வேலை செய்யறான்” என்றார்.

வளைவு சீரானதும் நாணைச் சரியான நீளத்துக்குக் கட்டுங்கள். ஒரு குதையிலிருந்து மறு குதைவரை உள்ள நீளத்தைவிட 3, 4 செ.மீ. குறைவாக இருக்கும். கணக்கைவிடக் கை அளவே சுலபம்: வில்லின் நடுவில் முட்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால், விரல் நுனி நாணைத் தொட வேண்டும்.

வாழைத்தார் நிறுக்கிற ஸ்பிரிங் தராசை நாணில் மாட்டி 60 செ.மீ. இழுத்துப் பாருங்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்கு 7 முதல் 9 கிலோ போதும். இந்த அளவுக்கு வரும்போது கனம் ஏறக்குறைய 9, 10 மி.மீட்டரில் வந்து நிற்கும். அதிகமாக இருந்தால் முழு நீளத்துக்கும் ஒரே சீராகச் சீவிக் குறையுங்கள்.

பிடிக்கு? பழைய வேட்டித் துணியை நாலு சுற்றுச் சுற்றி நூலால் கட்டுங்கள். அவ்வளவுதான். துணி வளையும், மரம் வளையாது.

உழவர் கையில் இருந்த வில்

வில் என்றால் ராஜா கதை, வேடன் கதை என்று நினைக்கிறோம். நமக்குப் பக்கத்திலேயே வயநாட்டில் குறிச்சியர்கள் உழவும் செய்தார்கள், வில்லிலும் பேர்போனவர்கள். பழசி ராஜாவின் போரில், 1802-ல் பனமரம் கோட்டையைத் தாக்கிய படையில் முன்னே நின்றவர்கள் அவர்கள். தலைக்கல் சந்து அவர்களுடைய தலைவர். 1812-ல் கம்பெனிக்கு எதிராக மறுபடியும் கிளர்ந்தார்கள். விளைச்சலில் பங்காகக் கொடுத்துவந்த வரியைக் காசாகக் கொடு என்று கேட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நெல்லை வைத்துக்கொண்டு காசுக்கு அலைகிற கஷ்டம் நமக்குப் புதிதில்லையே.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்துப் பையனான லிம்பா ராம் மூங்கில் வில்லோடு வளர்ந்தவர். 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக வில் பிடித்தார். ராஞ்சி பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி தொடங்கியதும் வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். நம் நாட்டுப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று ஒரு பிரிவே இருக்கிறது. அதில் 50 மீட்டர், 30 மீட்டர் தூரத்தில் மூங்கில் வில்லால் எய்கிறார்கள். பையனுக்கு ஆர்வம் நிலைத்தால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

எய்வதற்கு முன்

அந்தியூர் நண்பரே, உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சரியான வில் கையில் வரும்வரை அவர் பேச்சைக் கேளுங்கள். வந்த பிறகும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு எடுத்துப் போக வேண்டிய வேகமெல்லாம் திரும்பி வில்லின் உடம்பிலேயே இறங்கும், நல்ல வில்லும் ஒடியும். 60 செ.மீட்டருக்குச் செய்த வில்லை, பலத்தைக் காட்டுகிறேன் என்று பெரியவர் யாரும் வாங்கி 75 செ.மீ. இழுக்கக் கூடாது. திருவிழாவுக்கு வருகிற மாமா, சித்தப்பாக்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தினமும் எடுக்கும்போது வில்லின் முதுகில் பஞ்சால் ஒரு தடவை தடவுங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால் அங்கே சிம்பு கிளம்பியிருக்கிறது. உள்பக்கத்தில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடு தெரிந்தால் அந்த இடம் நசுங்குகிறது. இரண்டில் எது தெரிந்தாலும் வில்லை அடுப்பில் வைத்துவிடுங்கள், நூல் சுற்றி ஒட்டுப்போடாதீர்கள்.

அம்புக்கு நேரான நாணல் தண்டு, அல்லது மூங்கில் பக்கக்கிளை. சுண்டுவிரலைவிட மெலிதாக, 65 செ.மீ. நீளம். பின்பக்கம் கோழி இறகை நீளவாக்கில் கிழித்து மூன்று வைத்துக் கட்டுங்கள். முன்பக்கம் சைக்கிள் கம்பியோ ஆணியோ வேண்டவே வேண்டாம், ரப்பர் குமிழ் அல்லது துணி உருண்டை. முன்பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் அம்பு நேராகப் போகும்.

சாக்கில் வைக்கோலை இறுக்கித் திணித்து வரப்பு மேட்டில் சாய்த்து வையுங்கள். பின்னால் மண் இருக்க வேண்டும். வேலியைப் பின்னால் வைத்து எய்தால், வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பத்து மீட்டரில் ஆரம்பிக்கட்டும். இலக்குக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று, இழுத்த கை ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கட்டும். வில்லை நெரித்துப் பிடிக்க வேண்டாம். பிடியும் வளைகிற வில் கைக்குக் கொஞ்சம் உதறல் கொடுக்கும், தளரப் பிடித்தால் பழகிவிடும். அம்பு கையின் மேலேயே உரசிப் போவதால் கட்டைவிரல் அடியில் துணி சுற்றிக்கொள்ளட்டும்.

எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். நாணேற்றியபடியே வைத்த வில் கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தை இழக்கும்.

இதை ஒட்டி வந்த வேறு மூன்று கேள்விகள்

*தென்னந்தோப்பில் குரங்கு, கடலைக் காட்டில் மயில். இந்த வில்லால் விரட்டலாமா?*

கூடாது. மயிலும் குரங்கும் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. காயப்படுத்தினாலும் குற்றம்தான். மழுங்கிய அம்பு என்றாலும் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விரட்ட வேறு வழிகளை முந்தைய இதழ்களில் எழுதியிருக்கிறோம்.

*மூங்கிலுக்குப் பதில் பி.வி.சி. குழாயில் செய்யலாமா? பையன்கள் அப்படிச் செய்கிறார்கள்.*

வேண்டாம். வெயிலில் கிடந்த குழாய் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே நொறுங்கும் பதத்தில் இருக்கும். மூங்கில் ஒடியும் முன் சிம்பைக் காட்டும், குழாய் எதுவும் காட்டாமல் துண்டு துண்டாகத் தெறிக்கும். மரத்தில்தான் செய்ய வேண்டும் என்றால், மலையோரங்களில் வளரும் சடச்சி நல்ல மரம். கோடரிக் காம்புக்கும் வில்லுக்கும் பழங்காலத்திலிருந்தே பேர்போனது. ஆனால், மரத்தில் ஆண்டு வளையம் அறுபடாமல் முதுகைச் சீவத் தெரிய வேண்டும். முதல் வில் மூங்கிலாக இருப்பதே நல்லது.

*செய்த வில்லை வண்டு துளைக்கிறது. எங்கே வைப்பது?*

விறகடுப்பு இருக்கிற வீடென்றால் அடுப்புக்கு மேலே பரணில் படுக்கவைத்து வையுங்கள், புகை பட்டால் வண்டு அண்டாது. கேஸ் அடுப்பு வீடென்றால் வருடத்துக்கு இரண்டு முறை வேப்பெண்ணெய் தடவி, காற்றோட்டமான இடத்தில் இரண்டு முளைமேல் கிடத்துங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். ஏற்கனவே துளை விழுந்து மாவு கொட்டுகிறது என்றால் அந்த வில்லில் இனி நாண் ஏற்றாதீர்கள்.